எந்தப் பல் முதலில்

திருத்தணி ம.பொ.சி. சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்து. மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் அந்தப் பல் கிளினிக். ஆடி வெள்ளி, சாயங்காலம். கிருத்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனாலும் மலைக்குப் போகிற கூட்டம் குறையவில்லை. மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாக ஒரு குழு பம்பை அடித்துக்கொண்டு கீழே போகிறது. "அரோகரா" என்கிற சத்தம் ஜன்னல் வழியாக ஏறி வந்து, உள்ளே சுழல்கிற மெஷினின் கீச்சொலியோடு கலக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன. மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் ஒரு பெரியவர். அவருக்கு இந்தப் பக்கம் துணைக்கு வந்த பேத்தி. ஐந்தாறு வயதிருக்கும். அவளுக்கும் மொட்டை, அவளுக்கும் சந்தனம். கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. வலி இல்லை, கற்கண்டு.

இந்த மலைக்கும் கற்கண்டுக்கும் பழைய உறவு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் இங்கே வந்தபோது முருகனே ஒரு கிழவர் உருவில் வந்து, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டைப் போட்டதாகவும், அதற்குப் பிறகுதான் அவர் முதல் கிருதியைப் பாடினார் என்றும் சொல்வார்கள். கிளினிக் உதவியாளர் பெண் அந்தக் குழந்தையிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிறாள். "தின்னது போதும் கண்ணு, நல்லா கொப்பளிச்சுத் துப்பிட்டு வா." குழந்தை ஓடுகிறது. இந்த வயதில்தான் வாய்க்குள் கடைசியில், பால்பல் எதுவும் விழாமலேயே, முதல் நிரந்தரக் கடவாய்ப்பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. அதையும் விழுந்து முளைக்கப் போகிற பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பல வாய்களில் முதலில் சொத்தையாகி, முதலில் பிடுங்கப்படுவதும் அந்தப் பல்தான்.

நகரி பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா "பன்னு நொப்பி" என்று கன்னத்தைக் காட்டுகிறார். "எப்பட்டி நுஞ்சி?" என்று உதவியாளர் பெண் அதே மூச்சில் கேட்டு, சீட்டில் தமிழில் எழுதிக்கொள்கிறாள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் வைத்தியத்துக்கும் சாமிக்கும் வருகிற வழி மாறவில்லை.

டாக்டர் அறைக்கு முழுக்கதவு கிடையாது. பாதிக்குத் திரைதான். அருகில் உட்கார்ந்தவர் காதில் எல்லாம் விழும். இந்தச் சாயங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான்.

உள்ளே ஒரு தாயும் மகளும். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். தாய்க்குத் தறிக்குத் தார் சுற்றுகிற வேலை. விரலிடுக்கில் சாயம் ஏறிப்போய் இருக்கிறது. மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். காத்திருந்த நேரம் முழுக்க துப்பட்டா நுனியை வாயருகே பிடித்திருந்தாள். பக்கத்திலிருந்த குழந்தை சிரித்தபோதும் உதடு மூடியபடியே சிரித்தாள்.

"ஆவணியில கல்யாணம் மேடம். முன்னாடி இந்தக் கறுத்த பல்லு, அதுக்குப் பக்கத்துல சந்து, எல்லாம் சேத்து நாலு பல்லுக்கு வெள்ளையா கேப் போட்டுடுங்க. சீட்டுப் பணம் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"பின்னாடி ரெண்டு பக்கமும் பிரச்சனை இருக்கேம்மா."

"பின்னாடி பல்லு யாருக்கு மேடம் தெரியப்போவுது? மாப்ள வீட்ல முன்னாடி தெரியறதத்தான பாப்பாங்க."

இதில் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு ஊர் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. வெளுத்த பல்லுக்குச் செலவு செய்ய ஆசைப்படுகிறவர்களை அலங்காரப் பைத்தியம் என்று ஒதுக்குகிற வைத்தியர்களும் உண்டு. வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வளர்ந்த ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வராது. சிரிக்கக் கூச்சப்படுவதும் ஒரு நோவுதான்.

டாக்டர் பதில் பேசவில்லை. எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுக் காட்டுகிறார். "இங்க பாரும்மா. இது கீழ் வலது கடவாய்ப்பல். சொத்தை உள்ள நரம்பு வரைக்கும் போயிடுச்சு. வேருக்கு அடியில வட்டமா கறுப்பாத் தெரியுது பாரு, அங்க எலும்பு அரிச்சிருக்கு. சீழ் கட்டின இடம். போன மாசம் வீங்குச்சா?"

தாய்தான் பதில் சொல்கிறாள். வீங்கியது, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டதும் அடங்கிவிட்டது என்று.

"அடங்குச்சு. போகல. மாத்திரையால வீக்கம் வடியும். வேருக்குள்ள இருக்கற அழுகல் அப்படியேதான் இருக்கும். கீழ்த்தாடைப் பல்லுல வர்ற சீழ் சில பேருக்குக் கழுத்துப் பக்கம் இறங்கி மூச்சையே அடைச்சிடும். அப்படி ஆச்சுன்னா ராத்திரியோட ராத்திரி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்." குரலை உயர்த்தாமல் சொல்கிறார். பிறகு நாற்காலியை மகள் பக்கம் திருப்பிக்கொள்கிறார். "நீ சொல்லும்மா. உனக்கு எது கஷ்டமா இருக்கு?"

பதில் வர நேரமாகிறது. கீழே பம்பைச் சத்தம் தெருமுனை தாண்டிப் போய்விட்டது.

"நைட்டு தூங்க முடியல மேடம்." தாயைப் பார்க்காமல் சொல்கிறாள். "ஒரு பக்கமாவே மெல்லறேன். அந்தப் பக்கமும் பல்லு இல்ல. சோத்த அப்படியே முழுங்கிடறேன்."

தாய் திரும்பி மகளைப் பார்க்கிறாள். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"செலவு மேல செலவா இருக்குல்லம்மா."

இடது பக்கம் இல்லாத பல், பன்னிரண்டு வயதில் பிடுங்கியதாம். சற்றுமுன் சொன்ன அதே ஆறு வயதுக் கடவாய்ப்பல். அந்த இடம் இத்தனை வருஷம் காலியாகக் கிடந்ததால் பின்னால் இருந்த பல் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. மேல்தாடைப் பல் எதிரில் தடுக்க ஆளில்லாமல் கீழே இறங்கியிருக்கிறது. டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடியால் தாய்க்கு இதைக் காட்டுகிறார். தாய் எட்டிப் பார்க்கிறாள். பெற்ற மகளின் வாய்க்குள் அவள் இப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

பிறகுதான் முன்பல்லுக்கு வருகிறார். பள்ளிக்கூடம் போகிற நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட பல். அன்றைக்கு ஆடவில்லை, விழவில்லை என்று விட்டுவிட்டார்கள். உள்ளே நரம்பு செத்து, மெல்ல மெல்லக் கறுத்துவிட்டது. அந்த வேரின் நுனியிலும் எக்ஸ்ரேயில் ஒரு சின்ன நிழல். அழகுக்காக என்று வந்த பல்லே உள்ளுக்குள் நோயாக இருக்கிறது. அதன்மேல் அப்படியே கேப்பை மாட்டினால் கல்யாண ஆல்பத்தில் வெள்ளையாகத் தெரியும், அடியில் புகைந்துகொண்டிருக்கும்.

"நாலு கேப்னு கேட்டீங்க. இதுல மூணு பல்லு நல்ல பல்லும்மா. கேப் போடணும்னா அதைச் சுத்தி ராவணும். ராவின எனாமல் திரும்ப வளராது. இவளுக்கு இருபத்திரண்டு வயசு. கேப் ஆயுசுக்கும் வராது. சில வருஷத்துல மாத்த வேண்டி வரும். அப்புறம் அதுக்கு மேல ஒண்ணு. அதுவும் பின்னாடி கடிக்கப் பல்லே இல்லன்னா மெல்லற பாரமெல்லாம் முன்னாடிதான் விழும். நான் இன்னைக்குப் போட்டுக் குடுக்கற கேப் உடைஞ்சிதான் வரும்."

சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுக்கிறார். பேனாவால் மேலிருந்து கீழே எழுத ஆரம்பிக்கிறார். எழுத எழுதப் பேசுகிறார். இன்றைக்கே கீழ்க் கடவாய்ப்பல்லைத் திறந்து சீழுக்கு வழி விடுவது. அடுத்த வாரம் ஈறு க்ளீனிங். ஈறு வீங்கியிருக்கும்போது கேப்புக்கு அளவெடுத்தால், பிறகு வீக்கம் வற்றி ஈறு ஒதுங்கியதும் கேப்பின் ஓரம் கோடாகத் தெரியும். அதனால் அளவு எடுப்பது அப்புறம். அதே வாரங்களில் கறுத்த முன்பல்லுக்கும் வேர் சிகிச்சை. அது முடிந்ததும் பல்லின் உள்ளேயே மருந்து வைத்து வெளுக்கவைத்துப் பார்ப்பது; நன்றாக வெளுத்துவிட்டால் கேப்பே வேண்டாம். சந்துக்குப் பல் நிறத்துப் பசையை வைத்து ஒரே உட்காரலில் அடைத்துவிடலாம், பல்லை ராவ வேண்டியதில்லை. கடவாய்ப்பல்லுக்குக் கேப். இடது பக்கம் இல்லாத பல்லைப் பற்றி, கல்யாணம் முடிந்து பணம் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் காத்திருந்தது இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும்.

"ஆவணிக்குள்ள முன்பல்லு ஆயிடுமா மேடம்?" தாயின் கண் இன்னும் அங்கேதான்.

"ஆயிடும். போட்டோவுக்கு வாயத் திறந்தே சிரிப்பா. ஆனா முதல் காசு இங்க." பேனா நுனி கடவாய்ப்பல்லின் படத்தில் நிற்கிறது. "உங்ககிட்ட எவ்ளோ இருக்குன்னு நான் கேக்கல. நடுவுல பணம் நின்னுபோனா எந்த இடத்துல நின்னா இவளுக்குச் சேதம் இல்லையோ, அந்த மாதிரி வரிசை போட்டிருக்கேன்."

இந்தச் சாயங்காலம் கேட்டதில் மிகப் பெரிய வைத்தியம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பல் மருத்துவப் பாடத்தில் வரிசை எப்போதோ எழுதியாகிவிட்டது: முதலில் வலியும் சீழும், அடுத்து சொத்தை, ஈறு நோய், சில வாரம் பொறுத்து வாய் ஆறியதா என்று திரும்பப் பார்ப்பது, அதன் பிறகே கேப், பிரிட்ஜ், செட், இம்ப்ளாண்ட். ஆனால் பாடம், தொடங்கியவர் முடிக்கும்வரை வருவார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. தறி ஓடினால் கூலி, சீட்டு விழுந்தால் கைக்காசு என்று வாழ்கிற வீடுகளில் பெரிய பல் வைத்தியம் அப்படி முடிவதில்லை. மாமனார் வீட்டில் ஒரு சாவு, தறிக்கு நூல் வராத ஒரு மாதம், எது வந்தாலும் முதலில் நிற்பது பல்தான். அப்படியிருக்க, முதலில் செய்யப்படுவது எதுவோ அதுவே செய்யப்பட்ட முழு வைத்தியமாகவும் ஆகிவிடக்கூடும். முன்வரிசையில் தொடங்கி நின்றுபோன வாயில் வெள்ளைக் கேப்பும் அடியில் சீழும் இருக்கும். கடவாயில் தொடங்கி நின்றுபோன வாய், அழகாக இல்லாவிட்டாலும், சோறு மெல்லும், இரவில் தூங்கும்.

பெரிய ஊர்களில் "ஸ்மைல் பேக்கேஜ்" என்று பலகை வைத்து, மாதத் தவணைக்கும் அவர்களே ஏற்பாடு செய்கிற இடங்கள் பெருகிவிட்டன. கண்ணாடியில் எது தெரிகிறதோ அதிலிருந்து அங்கே பேச்சு தொடங்குகிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டுத் தொடங்குகிற நாற்காலியை மட்டுமே நான் நம்புவேன்.

தாயும் மகளும் உள்ளேயே இருக்க, ஊசி போட்ட இடம் மரத்துப்போகிற இடைவெளியில் அடுத்தவரை அழைக்கிறார்கள். வேன் டிரைவர். முப்பதுக்குள் இருப்பார். அரக்கோணம், திருப்பதி, மலை என்று ஓயாத ஓட்டம். பற்களிலெல்லாம் காவி ஏறியிருக்கிறது. அவர் கேட்பது எளிது: "கறையெல்லாம் போயி பளிச்சுனு ஆகணும் மேடம். தங்கச்சி கல்யாணம்."

"வாயத் திறங்க. இன்னும் நல்லா. மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு உள்ள விடுங்க பாக்கலாம்."

அவர் தம் விரல்களை அடுக்கி வைத்துப் பார்க்கிறார். இரண்டு போகிறது. மூன்றாவது போகவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி முயல்கிறார். அப்போதும் போகவில்லை. சிரிப்பு நின்றுவிடுகிறது.

"காரம் தின்னா எரியுதா?"

"ஒரு வருஷமா எரியுது."

"பொட்டலம் எத்தனை?"

அவர் தரையைப் பார்க்கிறார். 2013 முதல் தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை இருக்கிறது. தடை இருந்தும் இரவு வண்டி ஓட்டுகிறவன் கைக்கு அது வந்து சேர்ந்துவிடுகிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது. பாக்கு கன்னத்தின் உட்தசையை நாராக இறுக்கிவிடுகிறது. வாய் திறப்பு வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. இந்திய ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. டாக்டர் டார்ச் அடித்து இடது கன்னத்தின் உட்புறத்தை நெடுநேரம் பார்க்கிறார். பொட்டலம் அடக்கி வைக்கிற இடம். அங்கே துடைத்தாலும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு.

"கறையை இன்னொரு நாள் பாத்துக்கலாம். இன்னைக்கு நான் கிளீனிங் பண்ணி அனுப்பினா, பல்லு நல்லா இருக்குன்னு நீங்களும் மறந்துடுவீங்க. இந்த இடத்துல கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். லெட்டர் தர்றேன். திங்கக்கிழமை மெட்ராஸ் போறீங்க."

"திங்கக்கிழமை சவாரி இருக்கு மேடம்."

"வேற டிரைவர் கிடைப்பாரு."

அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். கைபேசி அடிக்கிறது, எடுக்கவில்லை.

மொட்டைப் பெரியவரின் விஷயம் சுருக்கமாக முடிகிறது. எல்லாப் பல்லும் ஆடுகிறது, மொத்தமாகப் பிடுங்கிவிட்டு செட் வைத்துவிடுங்கள், பேத்தி காதுகுத்துக்கு நல்லபடியாக இருக்க வேண்டும் என்கிறார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, மாத்திரை எப்போதாவது போடுவேன் என்கிறார். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அது ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்கு வருவதில்லை. டாக்டர் மூன்று மாதச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். சர்க்கரை கட்டுக்குள் வந்து, ஈறைச் சுத்தம் செய்த பிறகு எந்தப் பல் நிற்கும், எது நிற்காது என்று பார்த்துத்தான் பிடுங்குவதாம். "நிக்கற பல்ல நான் பிடுங்க மாட்டேன் தாத்தா. ரெண்டு பல்லு நின்னாக்கூட செட்டுக்குப் பிடிமானம்." பெரியவருக்கு இது ஏமாற்றம்தான். ஆனாலும் போகும்போது பேத்தியை நிறுத்தி, "இவ வாயையும் ஒரு தடவ பாத்துடுங்கம்மா" என்கிறார். டாக்டர் பார்க்கிறார். கடவாய்ப்பல் அப்போதுதான் பாதி வெளியே வந்திருக்கிறது. சொத்தை இல்லை. அதன் மேல்பள்ளங்களைப் பூச்சு வைத்து அடைத்துவிடலாம், பல் முழுசாக வெளியே வந்ததும் அழைத்து வாருங்கள் என்கிறார். இந்தக் கிளினிக்கில் இன்று பேசப்பட்டதிலேயே மிகக் குறைந்த செலவுள்ள வைத்தியம் அதுவாகத்தான் இருக்கும்.

மகள் வெளியே வருகிறாள். வலது பக்க உதடு மரத்துத் தொங்குகிறது. தாய் கையில் அந்த வெள்ளைத்தாள். மேல் வரியில் ஒரு டிக் விழுந்திருக்கிறது. தொகை எழுதிய கடைசி வரியைத் தாய் கட்டைவிரலால் மறைத்தபடி இரண்டாவது வரியைப் படிக்கிறாள். "அடுத்த வெள்ளி எத்தனை மணிக்கு?" என்று உதவியாளர் பெண்ணிடம் கேட்கிறாள்.

பெரிய பல் வைத்தியத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: இது நடுவில் நின்றுபோனால் என் வாய் எந்த நிலையில் இருக்கும் என்று. அதற்கு நேராகப் பதில் சொல்கிறவரிடம் பணத்தைக் கொடுங்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, மூன்று விரல் நுழையாத இறுக்கமோ இருந்தால் அழகு பற்றிய பேச்சையெல்லாம் ஒத்திவைத்துவிட்டு உடனே காட்டுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருத்தணியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள்.